திசை பார்க்கும் பெட்டி

அந்த ஆள் என்னை ஏமாற்றவில்லை, தம்பி. ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் நான் கேட்டதை எல்லாம் கொடுத்தார். குறை என்றேன், குறைத்தார். எடு என்றேன், எடுத்தார். அதுதான் அவர் எனக்குச் செய்த துரோகம்.

பேர் சொல்ல மாட்டேன். அவர் கடையிலேயே, அவர் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டு பேர் சொல்லித் திட்டுவது முறை இல்லை. அந்த மூலையில் பில் போடுகிற அம்மாவுக்குக் காது வேறு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கேட்கட்டும். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்று என்னை உட்கார வைத்ததே அந்த அம்மாதான். விடியும்போது தூத்துக்குடியில் காரை எடுத்தவன் நான். எனக்கும்தான் பசிக்கிறது.

நீங்கள் என்ன, கரண்ட் பேனல் வாங்கவா? அரிசி ஆலைக்கா? எந்த ஊர்? அம்பாசமுத்திரம். அப்படியானால் நீங்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நான் பேசப் பேச உங்களுக்கு ஒரு நன்மை நடக்கிறது, அதற்குக் காசு கேட்க மாட்டேன்.

என் பேர் தங்கப்பழம். தருவைகுளம் போகிற ரோட்டில் ஐஸ் ஃபேக்டரி. அப்பன் வைத்துவிட்டுப் போனது இல்லை. சைக்கிள் கேரியரில் மரத்தூளும் சாக்கும் போட்டு ஐஸ் கட்டி தூக்கிக்கொண்டு மீன் கடை கடையாக அலைந்தவன். உருகுவதற்குள் விற்க வேண்டும், பாருங்கள். எதிரில் இருப்பவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவனை வழிக்குக் கொண்டுவர வேண்டும். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். எதற்கும் விலை பேசாமல் விட்டது கிடையாது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டே டாக்டரிடம் பேசினேன். மயக்க ஊசி போடுகிறவர் சிரித்த சிரிப்பில் ஊசியே தவறிவிடும் போல இருந்தது. ஆனால் குறைத்தார்கள்.

இதே நாற்காலிதான். இதோ, இந்தக் கை கிழிந்த நாற்காலி. பேனல் வாங்க வந்தபோது இதில்தான் உட்கார்ந்தேன். அந்த ஆள் நன்றாகத்தான் பேசினார். அண்ணாச்சி, லைனில் எங்காவது கரண்ட் பூமிக்குக் கசிந்தால் அதைப் பார்த்து, லைனை நிறுத்துகிற பிரேக்கரை விழவைக்க ஒரு ரிலே வேண்டும், அதில் இரண்டு வகை என்றார். ஒன்று, எவ்வளவு கசிகிறது என்று மட்டும் பார்க்கும். இன்னொன்று, எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் பார்க்கும். இரண்டாவதுக்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும், பி.டி. என்பார்கள், வோல்டேஜைப் பார்த்துச் சொல்கிற பெட்டி. உங்கள் தொழிற்பேட்டையில் எல்லாம் கேபிள், உங்களுக்குத் திசை பார்க்கிறதுதான் நல்லது என்றார்.

சொன்னார். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை சொன்னார், தம்பி. ஒரே தடவை.

நான் கேட்டேன்: "திசை என்னத்துக்குய்யா? கரண்டு அங்கேருந்து எனக்கு வருது. நான் என்ன, அதைத் திருப்பி அவங்களுக்கே விக்கவா போறேன்?"

கடையே சிரித்தது. அந்த அம்மாகூடச் சிரித்தது, இப்போது குனிந்துகொள்கிறது பாருங்கள். அந்த ஆளும் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம் என்று பெட்டியை எடுத்துவிட்டார். சாதா ரிலேயைப் போட்டார். பெட்டி இருந்த இடத்தில் ஒரு தகடு வைத்து நான்கு திருகாணி. நான் ஜெயித்துவிட்டேன். கோவில்பட்டியில் காரை நிறுத்திக் கடலைமிட்டாய் வாங்கி ஃபேக்டரிக்கே கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது சொல்லுங்கள். நான் வியாபாரி. கேட்பேன். கேட்பது என் வேலை. கொடுக்காமல் இருப்பது அவர் வேலை இல்லையா? நான் உங்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுங்கள் என்றால் கொடுத்துவிடுவீர்களா?

சரி, கோபப்படக் கூடாது. பிரஷர் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் பேட்டையில் ஆறு கம்பெனி. கடல் பக்கம். மேலே கம்பி இழுத்தால் உப்புக் காற்று தின்றுவிடும் என்று எல்லாமே மண்ணுக்கு அடியில் கேபிள். பேட்டை வாசலில், ஆறு பேரும் சேர்ந்து வைத்திருக்கிற சொசைட்டி கட்டின சுவிட்ச் ரூம். அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேனல். அங்கிருந்து அவரவர் கேபிள் அவரவர் இடத்துக்குப் போகும். பேனல் அவரவர் சொத்து, பூட்டு அவரவர் பூட்டு. என் சாவி இதோ. இடுப்புக் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன். யாரையும் நம்பக் கூடாது என்பது என் கொள்கை, அதனால் எனக்கு இதுவரை நன்மைதான்.

எனக்கும் சுவிட்ச் ரூமுக்கும் நடுவில் இருப்பவன் ராயப்பன். மீன்தூள் கம்பெனி வைத்திருக்கிறான். நாற்றத்தை விடுங்கள், தொழில் அப்படி. ஆனால் அவன் தரை கழுவின தண்ணீர் என் கேட்டுக்கு முன்னால் ஓடிவரும். விடுவேனா? ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அவன் ஓடையை அடைத்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் கேபிள் புதைக்க வேண்டி வந்தது. ராயப்பனே வந்தான். அண்ணாச்சி, என் காம்பவுண்டுக்குள்ளயே கொண்டு போங்க, பாதிக்குப் பாதி தூரம் மிச்சம் என்றான். உன் மண்ணில் என் கேபிள் கிடக்காது என்று சொல்லிவிட்டேன். உப்பளக் கரை ஓரமாக, பேட்டையையே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனேன். பேட்டையிலேயே நீளமான கேபிள் என்னுடையதுதான். செலவு ஆனது. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

இன்னாசியைப் பற்றி இப்போதுதான் சொல்ல வேண்டும்.

இன்னாசிதான் என் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிறவன். பார்த்துக்கொண்டவன். நான் சைக்கிளில் ஐஸ் எடுக்கப் போன காலத்தில் அவன் பழைய ஃபேக்டரி ஒன்றில் கட்டி தள்ளுகிறவனாக இருந்தான். எனக்கு மட்டும் ஒவ்வொரு கட்டியாகக் கொக்கியால் தட்டிப் பார்த்து, நடு நன்றாக இறுகினதாக எடுத்துக் கொடுப்பான். சைக்கிள்ல போறவனுக்கு வெயில் ஜாஸ்தி என்பான். என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். நான் சொந்தமாக ஃபேக்டரி போட்ட அன்றைக்கு, கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் சம்பளத்துக்கு மட்டும் நான் விலை பேசினது இல்லை. அவன் கேட்கவே மாட்டான், அப்புறம் என்னத்தைப் பேச?

இந்த வருஷம் தடைக்காலம் முடிகிற வாரம். உங்களுக்கு ஆலை, உங்களுக்குத் தெரியாது. இரண்டு மாசம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அது முடிகிற அன்றைக்கு அத்தனை படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். அத்தனைக்கும் ஐஸ் வேண்டும். ஐஸ் ஃபேக்டரிக்காரனுக்கு வருஷம் என்பதே அந்த ஒரு வாரம்தான். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கேன் கேனாக இறக்கிவைத்துக் கம்ப்ரசரை நிற்காமல் ஓட்ட வேண்டும். நடுவில் நின்றால் கட்டி வெளியே இறுகியிருக்கும், உள்ளே தண்ணீர். பார்த்தால் தெரியாது. உடைத்தால்தான் தெரியும்.

அந்த வாரத்தில், தம்பி, காலையில் கம்ப்ரசர் நின்றது. ஃபேக்டரியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சத்தத்துக்கு மேல் பேசிப் பழகினவர்கள், சத்தம் நின்றால் பேச வராது. இன்னாசி ஓடிவந்தான். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். சைக்கிளில் சுவிட்ச் ரூமுக்குப் போனான், போட்டான், வந்தான். ரிலேயில் கொடி விழுந்து கிடக்கிறது, பூமிக்குக் கசிவு என்று காட்டுகிறது என்றான். ஃபேக்டரியில் மோட்டார் மோட்டாராகத் தேடினோம். ஒரு கசிவும் இல்லை.

மறுநாள் மறுபடி. அதே நேரம், அதே கொடி. தேடினால் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வந்த இன்னாசி சொன்னான், ராயப்பன் முதலாளி பேனலிலும் கொடி விழுந்திருக்கு அண்ணாச்சி என்று.

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் மண்டையில் அது போய் உட்கார்ந்துகொண்டது. ராயப்பனுக்குப் போகிற நேரத்தில் எனக்கும் போகிறது. எனக்கு ஒரு கசிவும் இல்லை. அப்படியானால் அவன் ஏதோ செய்கிறான். தனியாகச் செய்ய முடியாது, என் பேனலுக்குப் பூட்டு இருக்கிறது. அப்போது உள்ளாள் யார்? போன கிறிஸ்துமஸுக்கு முந்தி ராயப்பன் பேரனுக்கு ஞானஸ்நானம். கோயிலில் அந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தகப்பன் யார் என்று நினைக்கிறீர்கள்? இன்னாசி. ராயப்பன் பெரிய முதலாளி, அவனுக்குச் சொந்தத்தில் ஆள் இல்லையா? ஏன் என் ஆளைக் கூப்பிட்டான்? ஒரே பங்குக் கோயில், ஒரே தெரு, சின்ன வயசில் ஒன்றாக விளையாடினவர்கள் என்றெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். நான் கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். அன்றைக்கும் சரியாகத்தான் வந்தது.

படகு கட்டுகிற ஜெட்டியில் வைத்து நடந்தது. நான் வேண்டுமென்று அங்கே வைத்துக்கொள்ளவில்லை, கோபம் அங்கே வந்தது. என் லாரி போய் நிற்கிறது, படகுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூத்த படகுக்காரர் ஒருத்தர் கட்டி ஒன்றைக் கீழே போட்டு உடைத்துக் காட்டினார். நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி என் செருப்பு நனைந்தது. இதையா அண்ணாச்சி கடலுக்குக் கொண்டுபோகச் சொல்லுதீங்க என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னாசி லாரி மேல் கொக்கியோடு நின்றான். நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்:

"ராயப்பன் உனக்கு என்னல குடுத்தான், என் லைனை அணைக்கதுக்கு? பிள்ளையைத் தூக்கக் குடுத்தான், அது போதுமாக்கும்?"

'ல' போட்டுப் பேசிவிட்டேன். அவனை அதுவரை நான் அப்படிக் கூப்பிட்டது இல்லை. ஜெட்டி முழுக்கக் கேட்டது. அவன் கையிலிருந்த கொக்கியைத் தாழ்த்தினான். பிறகு சொன்னான்:

"சாவி உங்க இடுப்புலல்லா இருக்கு, அண்ணாச்சி."

நியாயமான பேச்சுதான். இன்றைக்குக் கேட்டால் நியாயமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது எதிர்த்துப் பேசுவது மாதிரி இருந்தது. கள்ளச்சாவி போட உனக்குச் சொல்லியா தரணும் என்றேன். அவன் கொக்கியை ஒரு ஐஸ் கட்டியில் குத்தி நிறுத்திவிட்டு, லாரியிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நடந்து போனான். ஆட்கள் வழி விட்டார்கள். கெட்ட வியாதிக்காரனுக்கு வழி விடுவது மாதிரி விட்டார்கள்.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உள்ளாள் போய்விட்டான் அல்லவா.

அடுத்தது கேளுங்கள். சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம், போகாமல் இருக்க முடியாத கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், போன் வருகிறது. லைன் போய்விட்டது. சாவி என் இடுப்பில். எழுந்து, கை கழுவி, மொய் எழுதி, காரை எடுத்து, வழியில் ரயில்வே கேட் அடைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் தொட்டி முழுக்கப் போச்சு. படகுக்காரர்கள் வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள். இன்னாசி இருந்திருந்தால் சைக்கிளிலேயே சாத்தான்குளம் வந்து சாவி வாங்கிக்கொண்டு போயிருப்பான். இல்லாமல் போனான். அவ்வளவு வருஷம் வேலை பார்த்தவன், அந்த ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

என்ன பார்க்கிறீர்கள்? தண்ணீர் குடியுங்கள். அந்த அம்மா வைத்தது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்போது ராயப்பனும் சொசைட்டியில் புகார் கொடுத்திருக்கிறான், தன் லைன் போகிறது என்று. சொசைட்டி ஒரு ரிலே இன்ஜினியரைக் கூட்டிவந்தது. வந்தது ஒரு பொண்ணு. காயல்பட்டினம், பல்கீஸ் என்று பேர். ஒரு பெட்டியும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு ஆறு பேனலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. கேபிள் வரைபடத்தை விரித்தது. அதில் என் கேபிள் மட்டும் மாலை மாதிரி பேட்டையைச் சுற்றிக் கிடக்கிறது. இது யாரோடது என்று கேட்டது. என்னோடதும்மா என்றேன். ஏன் இப்படிப் போகுது என்றது. அது ஒரு கதைம்மா என்றேன்.

பழுது ராயப்பன் கேபிளில்தான். அவன் கேபிளை ஒட்டுப் போட்ட குழிக்குள் தண்ணீர் நிற்கிறதாம். தரை கழுவுகிற நேரமெல்லாம் அங்கே போய் நிறைந்து கசிகிறது. கழுவின தண்ணீர் ஏன் வெளியே போகாமல் அங்கே நிற்கிறது என்று கேட்டது. ராயப்பன் என்னைப் பார்த்தான். ஓடை அடைத்தது வேறு விஷயம், தம்பி, அதை இதோடு சேர்க்கக் கூடாது.

சரி, பழுது அவனுடையது, அவன் லைன் போகட்டும், என் லைன் ஏன் போகிறது? அதைத்தான் நான் கேட்டேன். அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சா உங்க வீட்டு ஆளுங்க அணைக்க ஓடுவாங்கல்லா. உங்க வாசல்ல ஒரு காவக்காரன் நிக்கான். அவனுக்கு வாசல்ல எத்தன பேர் ஓடுதாங்கன்னு மட்டுந்தான் தெரியும். உள்ளே ஓடுதாங்களா வெளியே ஓடுதாங்களான்னு பாக்கத் தெரியாது. கூட்டத்தைப் பாத்ததும் உங்க வீட்டுலதான் தீன்னு கேட்டை இழுத்துப் பூட்டிருதான்."

கேபிள் என்பது சும்மா கம்பி இல்லையாம். நீளமாகக் கிடந்தால் அது தனக்குள்ளேயே கொஞ்சம் கரண்டை வைத்திருக்குமாம். நீளம் கூடக் கூட அதுவும் கூடும். பேட்டையில் எவன் லைன் பூமியைத் தொட்டாலும் மற்றவர்கள் கேபிளில் இருக்கிற கரண்ட் அந்தப் பக்கம் ஓடும். மற்ற நான்கு பேருக்கும் கேபிள் குட்டை, ஓடுகிறது கொஞ்சம், ரிலே கண்டுகொள்ளாது. என்னுடையது மாலை அல்லவா, ஓடுகிறது நிறைய. என் ரிலேக்கு அளவுதான் தெரியும், திசை தெரியாது. உன் வீட்டில்தான் பழுது என்று விழுந்துவிடுகிறது. ராயப்பனும் ஒன்றும் செய்யவில்லை. இன்னாசியும் ஒன்றும் செய்யவில்லை. சம்பந்தமே இல்லாதவன் மேல் போய் விழுகிற பெட்டி அது. எவ்வளவு முட்டாள் பெட்டி பாருங்கள், யார் என்ன என்று ஒரு வார்த்தை விசாரிக்காது, கசிவு என்றதும் வெடுக்கென்று விழும். அப்படி ஒன்றை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?

நான் அந்தப் பொண்ணிடம் பேசிப் பார்த்தேன். பேசாமல் இருப்பேனா? ரிலேயில் ஒரு திருகு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிடும்மா, சின்னச் சின்னக் கசிவுக்கு விழாமல் இருக்கட்டும் என்றேன். முடியாது என்றது. பாதி ஏற்று என்றேன். முடியாது. ஒரு முள் அளவு? தலையை ஆட்டிவிட்டது. சொசைட்டி ட்ரான்ஸ்ஃபார்மரைப் பூமியோடு நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்களாம். அதனால் நிஜமாகப் பழுது வந்தாலும் போகிற கரண்டே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கத்தான் ரிலே இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. ஏற்றி வைத்தால் என் லைனில் நிஜப் பழுது வரும்போது அது தூங்கும்.

"ஈரத் தரையில வெறுங்கால்ல நிக்கது நீங்க இல்ல அண்ணாச்சி, உங்க ஆளுங்க. அதுல குறைக்க மாட்டேன்."

என் வாழ்க்கையில் எனக்குக் குறைக்காதது அந்தப் பொண்ணு ஒருத்திதான். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

போகும்போது அது என் பேனலில் அந்தத் தகட்டை விரலால் தட்டிக் காட்டியது. வழி இதுதான் அண்ணாச்சி, திசை பார்க்கிற ரிலே போட்டு, பி.டி. பெட்டியை இங்கே வைக்கணும், இடமெல்லாம் விட்டுத்தான் செஞ்சிருக்காங்க, எதுக்கு வெறும் தகடு போட்டு மூடினாங்கன்னுதான் தெரியலை என்றது. ராயப்பன் பக்கத்தில் நிற்கிறான். சொசைட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். நான்கு திருகாணி பளபள என்று என்னைப் பார்க்கிறது.

அன்றைக்குத்தான் யோசித்தேன், தம்பி. இன்னாசி மேல் தப்பு இல்லை. ராயப்பன் மேலும் இல்லை. என் மேல் இல்லவே இல்லை, நான் விலைதான் கேட்டேன். அப்போது யார்? இந்தக் கடைக்காரர்தான். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு தடவை சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பொண்ணு மாதிரி, முடியாது அண்ணாச்சி, உங்க ஆளுக்கு ஆபத்து, வேண்டுமென்றால் வேறு கடை பாருங்க என்று என்னை வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளியிருந்தால் நான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருப்பேன். நான் எப்போதும் வாசலோடு திரும்பிவிடுவேன். எல்லாக் கடைக்காரனுக்கும் அது தெரியும்.

இன்னாசி வீட்டுக்குப் போனேன். போகவில்லை என்று நினைக்காதீர்கள். அவன் இப்போது வேலை இல்லாமல் இருக்கிறான். ராயப்பன் கூப்பிட்டிருக்கிறான், இவன் போகவில்லை. அங்க போனா அண்ணாச்சி சொன்னது நிசம்னு ஆயிரும் என்றானாம். மற்ற ஃபேக்டரியில் எடுக்க யோசிக்கிறார்கள். முதலாளி லைனை அணைத்தவன் என்று நான் ஜெட்டியில் சொன்னது எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கொல்லத்துக்குப் போகிறானாம், அங்கே ஏதோ ஐஸ் ஃபேக்டரியாம். இந்த வயசில், தெரியாத ஊரில், கட்டி தள்ள.

வாசலில் நின்று பேசினேன். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். இன்னும் கூட்டினேன். புதுச் சைக்கிள் என்றேன். மகளுக்கு வளைகாப்புச் செலவு என் பொறுப்பு என்றேன். நான் ஒருத்தன் மட்டும் ஏற்றிக்கொண்டே போகிற ஏலம், தம்பி. எதிரில் கேட்கிறவனே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பேரம் நான் பேசினது கிடையாது. கடைசியில் சொன்னான்:

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஜெட்டியில வச்சுச் சொன்னதை ஜெட்டியில நின்னு திரும்ப எடுத்துக்கிடுங்க. நான் வாரேன்."

அவன் வீட்டுக்காரி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறின பிறகும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். சொல்லலாம். என்ன என்று சொல்ல? நான் தப்புச் செய்யவில்லையே. செய்யாத தப்பை ஜெட்டியில் நின்று ஒத்துக்கொண்டால் நாளைக்கு எவன் எனக்கு மரியாதை கொடுப்பான்? இரண்டு தடவை காரை ஜெட்டிக்கு விட்டேன், வேறு வேலையாகத்தான். கதவைத் திறந்தேன். அந்த மூத்த படகுக்காரர் என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் அப்படி.

அதனால்தான் இங்கே வந்தேன். தப்புச் செய்தவர் வந்து சொல்லட்டும்.

இருங்கள். செருப்புச் சத்தம். அவர்தான். வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறார் பாருங்கள், ஒன்றும் நடக்காத மாதிரி. நீங்கள் எழுந்து போகக் கூடாது, தம்பி, சாட்சிக்கு இருங்கள்.

வாங்க முதலாளி. உக்கார வேண்டாம். என்னைத் தெரியுதா? தங்கப்பழம். திசை என்னத்துக்குன்னு கேட்டேன், சிரிச்சீங்களே, அதே ஆள். நான் எடுக்கச் சொன்ன பெட்டி இருக்கா? அதையும் அந்த ரிலேயையும் எடுத்து என் கார்ல வைங்க. என்ன விலைன்னு நான் கேக்கலை. கேட்டீங்களாம்மா, தங்கப்பழம் விலை கேக்கலை, எழுதிக்கிடுங்க.

ஆனா பெட்டி மட்டும் பத்தாது. நீங்களும் ஏறணும். இன்னைக்கே. சாயங்காலம் படகு கரைக்கு வார நேரம், ஜெட்டியில ஆள் நிறைய இருக்கும். இன்னாசின்னு ஒருத்தர், அவரை நான் கூட்டியாரச் சொல்லிருக்கேன், வருவாரோ மாட்டாரோ. அவர் முன்னால நின்னு நீங்க சொல்லணும். இந்த மனுசன் அணைக்கலை, பெட்டியைக் கழட்டினது நான்தான், எனக்குத் தெரிஞ்சும் கழட்டிட்டேன்னு சத்தமாச் சொல்லணும். கடைசிப் படகுக்காரனுக்கும் கேக்கணும். பேசத் தொண்டை வரலைன்னா இளநீர் நான் வாங்கித் தாரேன்.

என்ன முழிக்கீங்க? நீங்க சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலயே நிக்கேன். அவர் உங்களைப் பாக்காம என்னைப் பாத்தார்னா, அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க வந்து நின்னாப் போதும். போன தடவை எல்லாத்துக்கும் சரி சரின்னீங்கல்லா. இதுக்கும் ஒரு தடவை சரின்னு சொல்லுங்க. கார் வெளியதான் நிக்கு. ஏறுங்க, முதலாளி. ஞாயித்துக்கிழமை வந்துட்டா அவர் போயிருவார். அதுக்குள்ள இதைச் சரி பண்ணிக் குடுங்க.